பிளாட்ஃபார்ம் டெவலப்பர் தேர்வு: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

கம்பெனிகள் தங்கள் வாடிக்கையாளர், விற்பனை விவரங்களை வைத்துக்கொள்ளும் மென்பொருளான சேல்ஸ்ஃபோர்ஸில் கோடு எழுதுகிறவர்களுக்கான பிளாட்ஃபார்ம் டெவலப்பர் தேர்வைப் பற்றிப் போன மாதம் நாலு வரி எழுதியதற்கு இவ்வளவு கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. பத்துப் பேர் கேட்ட ஒரே கேள்வியை ஒன்றாக்கிவிட்டேன். சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்டவர்களுக்குக் கடைசியில் பதில் இருக்கிறது, நேராக அங்கே ஓடிவிடாதீர்கள்.

பி.காம் முடித்து மூன்று வருடமாக அக்கவுண்ட்ஸ் வேலை. கோடிங் தெரியாது. இந்தத் தேர்வை எழுதலாமா மேடம்?

எழுதலாம். என்ன டிகிரி என்று யாரும் கேட்பதில்லை, வேறு சான்றிதழ் முதலில் வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. 60 கேள்வி, 105 நிமிடம், 68 சதவீதம் எடுத்தால் பாஸ், அதாவது 41 கேள்வி சரியாக இருக்க வேண்டும். அந்த 60-ம் கோடிங் கேள்விகள் என்று நினைத்துப் பயப்படாதீர்கள். ஆப்ஜெக்ட் (ஒரு எக்செல் ஷீட் மாதிரி), ஃபீல்டு (அதில் ஒரு கட்டம் மாதிரி), இரண்டு ஆப்ஜெக்டுக்கு நடுவே எந்த உறவு வைப்பது, இந்த வேலைக்குக் கோடு இல்லாமல் கட்டும் ஃப்ளோ போதுமா கோடு எழுத வேண்டுமா என்று கணிசமான கேள்விகள் வரும். அங்கே அக்கவுண்ட்ஸ்காரர்களுக்குக் கொஞ்சம் லாபம்தான். ஒரு பில், அதற்குக் கீழே பத்து வரிகள். பில்லை அழித்தால் வரிகளும் போக வேண்டும், வரிகளின் கூட்டுத்தொகை பில்லில் தானாக வர வேண்டும். இதைத்தான் மாஸ்டர்-டீட்டெயில் என்றும் ரோல்-அப் சம்மரி என்றும் சொல்கிறார்கள். இதைவிடத் தளர்வான லுக்கப் உறவில் அந்த ரோல்-அப் கிடைக்காது என்பதைச் சேர்த்து நினைவில் வைத்துக்கொண்டால் ஒரு கேள்வி கையில்.

ஆனால் நேராக டெவலப்பருக்குப் போகாமல் முதலில் அட்மின் பாடங்களை (கோடு இல்லாமல் அமைத்து நிர்வகிப்பது) சேல்ஸ்ஃபோர்ஸின் பாடத் தளமான டிரெயில்ஹெட்டில் முடியுங்கள், இலவசம்தான். அப்புறம் சேல்ஸ்ஃபோர்ஸின் கோடிங் மொழியான ஏபெக்ஸ். ஆறு மாதம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அவசரப்பட வேண்டாம்.

ஜாவாவில் நாலு வருட அனுபவம் அக்கா. ஏபெக்ஸும் ஜாவா மாதிரியே இருக்கிறது, இரண்டு வாரம் போதும்தானே?

தம்பி, சின்டாக்ஸுக்கு இரண்டு நாள் போதும். ஜாவாக்காரர்கள் சறுக்குவது வேறு இடத்தில்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லா வீட்டுக்கும் மொட்டை மாடியில் ஒரே தண்ணீர்த் தொட்டி இருக்குமே, சேல்ஸ்ஃபோர்ஸ் சர்வரும் அப்படித்தான். ஒரு வீட்டுக்காரர் குழாயைத் திறந்துவிட்டுத் தூங்கினால் மற்றவர்கள் பக்கெட்டோடு நிற்க வேண்டியதுதான். அதற்காகத்தான் ஒரு தடவைக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு, கவர்னர் லிமிட். சாதாரணமாக ஓடும் ஒரு டிரான்ஸாக்ஷனுக்கு 100 குவெரி (டேட்டாவைத் தேடி எடுப்பது), 150 டிஎம்எல் (டேட்டாவைச் சேமிப்பது, அழிப்பது), 6 எம்பி ஹீப் (நினைவகம்), 10 விநாடி சிபியூ நேரம். பின்னணியில் ஓடுவதற்குக் கொஞ்சம் தாராளம்: 200 குவெரி, 12 எம்பி, 60 விநாடி. ரெக்கார்டைச் சேமிக்கும்போது தானாக ஓடும் கோடான ட்ரிகருக்குள் ரெக்கார்டுகள் 200, 200 ஆக வரும். இப்போது லூப்புக்குள்ளே ஒரு குவெரியை எழுதிவிட்டால் 101-வது குவெரியில் மொத்தமும் அறுந்துவிடும், அதை ட்ரை-கேட்ச் போட்டும் பிடிக்க முடியாது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, அடிபட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் எழுதிய ட்ரிகர் ஒவ்வொரு ரெக்கார்டாகச் சேமித்துப் பார்த்தபோது அருமையாக ஓடியது, கஸ்டமர் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எக்செல்லில் இருந்து பழைய டேட்டாவை ஏற்றியதும் எல்லாம் சிவப்பாக வந்து நின்றது, அந்தச் சனிக்கிழமை எனக்கு லீவு இல்லை. ஐடிகளை ஒரு செட்டில் சேர், லூப்புக்கு வெளியே ஒரே குவெரி போடு, வந்ததை மேப்பில் வைத்துக்கொண்டு லூப்புக்குள் எடு. தேர்வில் கோடு துண்டு வந்தால் முதலில் லூப்பைத் தேடுங்கள், உள்ளே குவெரியோ டிஎம்எல்லோ இருக்கிற விடைகளை அடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இன்னும் இரண்டு ஜாவாப் பழக்கங்களை மறக்க வேண்டும். ஏபெக்ஸில் இரட்டைச் சமக்குறி போட்டு ஸ்ட்ரிங்கை ஒப்பிட்டால் மதிப்பைத்தான் பார்க்கும், பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசமும் பார்க்காது. அப்புறம், வித் ஷேரிங் என்று எழுதிவிட்டால் பாதுகாப்பு முடிந்தது என்று நினைக்காதீர்கள். எந்த ரெக்கார்டைப் பார்க்கலாம் என்பதை மட்டும்தான் அது கவனிக்கும், எந்த ஃபீல்டைப் பார்க்கலாம் என்பதை நீங்கள்தான் தனியாகக் கவனிக்க வேண்டும். இரண்டு வாரம் போதாது, தினமும் ஒரு மணி நேரம் என்று ஆறு வாரம் வையுங்கள்.

ஆர்டர் ஆஃப் எக்ஸிக்யூஷன் மனப்பாடமே ஆக மாட்டேன் என்கிறது. ஷார்ட்கட் உண்டா?

ஒரு ரெக்கார்டைச் சேமிக்கும்போது எது முதலில் ஓடும், எது பிறகு ஓடும் என்ற அந்த வரிசையை மனப்பாடம் செய்யாதீர்கள், அதுதான் ஷார்ட்கட். இலவசப் பயிற்சிக் கணக்கான டெவலப்பர் எடிஷன் ஒன்று எடுத்து, ஒரே ஆப்ஜெக்டில் ஒரு பிஃபோர் ட்ரிகர் (சேமிக்கும் முன் ஓடுவது), ஒரு வேலிடேஷன் ரூல் (தப்பான மதிப்பைத் தடுப்பது), ஒரு ஆஃப்டர் ட்ரிகர், சேமித்த பிறகு ஓடும் ஒரு ஃப்ளோ எல்லாம் வையுங்கள். சேமித்துவிட்டு, எது எது ஓடியது என்று பதிவாகும் டிபக் லாகைத் திறந்தால் வரிசை கண்ணெதிரே இருக்கும். தள்ளுபடி 50-க்கு மேல் போகக்கூடாது என்று ரூல் இருக்கிறது, பிஃபோர் ட்ரிகர் அதை 40 ஆக்கிவிடுகிறது, பயனர் 60 என்று அடிக்கிறார், பிழை வருமா? வராது, ட்ரிகர் முந்திக்கொள்கிறது. பிஃபோர் இன்சர்ட்டில் ஐடி ஏன் இல்லை என்றால் இன்னும் சேமிக்கவே இல்லை. ஆஃப்டர் ட்ரிகரில் அதே ரெக்கார்டின் ஃபீல்டை நேரடியாக ஏன் மாற்ற முடியவில்லை என்றால் ஏற்கெனவே சேமித்தாகிவிட்டது. காரணம் பிடிபட்டால் வரிசை தானாக நிற்கும்.

டெலிகிராமில் 300 ரூபாய்க்கு "ஒரிஜினல் கேள்விகள்" பிடிஎஃப் கிடைக்கிறது, வாங்கலாமா?

வேண்டாம். கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒவ்வொருவரும் ஒப்புக்கொண்டுதான் தேர்வில் உட்காருகிறோம், பிடிபட்டால் சான்றிதழே போய்விடும். அதை விடுங்கள், அந்த விடைகளே பல இடத்தில் தப்பு. சேல்ஸ்ஃபோர்ஸ் வருடத்துக்கு மூன்று ரிலீஸ் விடுகிறது, அந்த பிடிஎஃப்கள் இன்னமும் பழைய ஆட்டோமேஷன் கருவியான பிராசஸ் பில்டரைச் சரியான விடை என்று காட்டிக்கொண்டிருக்கின்றன. அதற்கான ஆதரவு 2025 டிசம்பரோடு முடிந்த கதை.

61 சதவீதத்தில் போய்விட்டது. மறுபடியும் முழுப் பணமா?

முழுசாக இல்லை. முதல் தடவை 200 டாலர், மறுபடி எழுத 100 டாலர், வரி தனி. 61 என்றால் நாலைந்து கேள்விதான் குறைவு, வருத்தப்படாதீர்கள், ஆனால் உடனே தேதி போடவும் செய்யாதீர்கள். எந்தப் பகுதியில் எத்தனை சதவீதம் என்று முடிவில் இருக்கும், அதைப் பாருங்கள். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு இடிப்பது டெஸ்டிங், டிப்ளாய்மென்ட் பகுதி. அலுப்பான பாடம் என்று கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

கஸ்டமர் நிஜமாகப் பயன்படுத்தும் புரொடக்ஷனுக்குக் கொண்டுபோக ஏபெக்ஸ் கோடில் 75 சதவீதமாவது டெஸ்டில் ஓடியிருக்க வேண்டும், ஒவ்வொரு ட்ரிகரிலும் ஒரு வரியாவது ஓடியிருக்க வேண்டும். டெஸ்ட் கிளாஸுக்கு ஆர்க்கில் (ஒரு கம்பெனியின் சேல்ஸ்ஃபோர்ஸ் கணக்கு) இருக்கிற டேட்டா சாதாரணமாகத் தெரியாது, வேண்டியதை அங்கேயே உருவாக்க வேண்டும். ஸ்டார்ட்-டெஸ்ட் போட்டால் லிமிட் புதிதாக ஆரம்பிக்கும், ஸ்டாப்-டெஸ்ட் வந்ததும் ஃபியூச்சர், கியூ மாதிரிப் பின்னணி வேலைகள் ஓடி முடியும். விடை சரியா என்று சோதிக்கும் அசெர்ட்டே இல்லாமல் எழுதினாலும் அந்த 75 கிடைத்துவிடும் என்பது வேறு விஷயம், அப்படி எழுதியவர்களின் கோடைத் திருத்த உட்காரும்போது எனக்கு வாயில் வருவதை இங்கே எழுத முடியாது.

வீட்டிலிருந்தே எழுதலாமா? என்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?

எழுதலாம், இப்போது தேர்வு நடத்தும் கம்பெனியான பியர்சன் வியூ மூலம் நடக்கிறது. நம்ம ஊர்க்காரர்கள் மாட்டுவது இன்ஷியலில். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், பதிவு செய்யும்போது பழக்கத்தில் 'கே' என்று ஒற்றை எழுத்து போட்டிருப்போம். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் உள்ளேயே விடமாட்டார்கள், தேதி போடும் முன்பே திருத்திவிடுங்கள். அறையில் வேறு யாரும் வரக்கூடாது, போன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கக்கூடாது, கேள்வியை உதடசைத்துப் படிக்கிற பழக்கம் இருந்தால் அதையும் விட வேண்டும். கூட்டுக்குடும்பம், கரண்ட் நம்ப முடியாத ஏரியா என்றால் பேசாமல் தேர்வு மையத்துக்கே போய்விடுங்கள்.

பாஸ் செய்தால் என்ன சம்பளம் கிடைக்கும்?

சான்றிதழுக்கென்று தனிச் சம்பளம் கிடையாது. ரெஸ்யூமே குவியலில் உங்களுடையதை மேலே எடுத்துவைக்கும், அவ்வளவுதான். நான் இன்டர்வியூ எடுக்கும்போது முதலில் ஒரு ட்ரிகர் எழுதச் சொல்வேன், பிறகு இருநூறு ரெக்கார்டு வந்தால் என்னாகும் என்று கேட்பேன். சும்மா ஒரு டெவலப்பர் ஆர்க்கில் லைப்ரரி, சீட்டுக் கணக்கு என்று ஏதாவது கட்டி வைத்திருப்பவர் அங்கே திணறுவதில்லை.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை டிரெயில்ஹெட்டில் ஒரு சின்ன பராமரிப்புப் பாடம் வரும், காசு கிடையாது, ஆனால் தேதிக்குள் முடிக்காவிட்டால் சான்றிதழ் காலாவதி. நான் ஒரு வருடம் கடைசி நாள் ராத்திரி பதினொன்றரைக்குத்தான் முடித்தேன், அன்றைக்கு எங்கள் தெருவில் கரண்ட் போகவில்லை.