ஒரே ஒரு கிட்னி இருக்கிறவங்களுக்குப் பின்னாடி கிட்னி நோய் வர எதெல்லாம் காரணம்?

நானே ஒரு கிட்னியோட இருக்கிறவதான். 2012ல தம்பிக்கு என் இடது கிட்னியைக் குடுத்தேன், அப்போ எனக்கு 36 வயசு, வெயிட் 58 கிலோ, பி.பி. சுகர் எதுவும் கிடையாது.

மிச்சம் இருக்கிற ஒண்ணு கொஞ்சம் பெருசாகி, முன்னாடி ரெண்டும் சேந்து செஞ்ச வேலையில கிட்டத்தட்ட 70 சதவீதம் வரைக்கும் அதுவே பாத்துக்கும். அதனாலதான் டாக்டருங்க தைரியமா சம்மதிக்கிறாங்க. ஆனா உள்ள இருக்கிற ஒவ்வொரு வடிகட்டிக்கும் ரத்தம் கூடுதல் அழுத்தத்தோட வருது, அது மட்டும்னா பெரும்பாலானவங்களுக்கு ஆயுசு முழுக்கத் தாங்கும், அதுமேல பி.பி.யோ சுகரோ உடம்பு பருமனோ வந்து ஏறும்போதுதான் வடிகட்டி கெட்டுப்போய் யூரின்ல புரோட்டீன் கசிய ஆரம்பிக்குது.

எனக்கு நடந்தது அதான். வருஷா வருஷம் ரத்தத்துல கிரியாட்டினின் (கிட்னி வெளியேத்த வேண்டிய ஒரு கழிவு, கிட்னி கெட்டா ரத்தத்துல ஏறும்) மட்டும் பாப்பேன், 1.0, 1.1னு வரும், நிம்மதியா ஃபைலை மூடி வச்சிடுவேன். நடுவுல வெயிட் 71 ஆச்சு, முட்டி வலிக்கு மெடிக்கல் ஷாப்ல டைக்ளோஃபெனாக் வாங்கி மாசக்கணக்குல போட்டேன், யாரும் கேக்கல நானும் சொல்லல. 2021ல வேற எதுக்கோ போனப்போ பி.பி. 150/96. யூரின்ல அல்புமின் (அதுவும் ஒரு புரோட்டீன்தான்), கிரியாட்டினின் விகிதம் பாக்கச் சொன்னாங்க, 30க்குள்ள இருக்கணும், எனக்கு 84. ரத்தத்துல கிரியாட்டினின் அப்பவும் 1.1தான்! தயவுசெஞ்சு இதை மனசுல வச்சுக்கங்க, கிரியாட்டினின் ஏறுறதுக்கு ரொம்ப முன்னாடியே யூரின் சொல்லிடும். வலி மாத்திரையை நிறுத்தி, பி.பி.க்கு டெல்மிசார்ட்டான் ஆரம்பிச்சு, 6 கிலோ குறைச்ச பிறகு 30க்குக் கீழ வந்துச்சு.

பயமுறுத்துறேன்னு நினைக்காதீங்க. அமெரிக்காவுல 2014ல வந்த ஒரு பெரிய ஆய்வுல, கிட்னி குடுத்தவங்க 10,000 பேர்ல ஆயுசுக்குள்ள சுமார் 90 பேருக்குக் கிட்னி முழுசா செயலிழக்கலாம்னு கணக்குப் போட்டாங்க. அதே அளவு ஆரோக்கியமா இருந்து குடுக்காதவங்கள்ல 14, பொதுஜனத்துல 326. கூடுதல்தான், ஆனா சின்ன எண்ணிக்கை. சொந்தத்துலயே கிட்னி நோய் இருந்தா கொஞ்சம் கூடுதல் கவனம் வேணும், என்னை மாதிரி கூடப்பிறந்தவங்களுக்குக் குடுத்தவங்க இதை விட்டுடக் கூடாது.

பிறவியிலேயே ஒரு கிட்னிங்கிறது வேற கதை. 1000 பேர்ல ஒருத்தருக்கு இருக்குங்கிறாங்க, நெறைய பேருக்குத் தெரியவே தெரியாது, வயித்து வலின்னு ஸ்கேன் எடுக்கப் போய்த்தான் தெரியவரும். இவங்கள்ல சிலருக்கு இருக்கிற கிட்னியே சின்னதா இருக்கும், இல்ல யூரின் திரும்ப மேல ஏறுற பிரச்சனை இருக்கும், அடிக்கடி இன்ஃபெக்‌ஷன் வரும், அதனால இவங்களுக்கு ரிஸ்க் எங்களைவிட ஜாஸ்தி. கேன்சருக்காகவோ கல்லுக்காகவோ எடுத்தவங்களுக்கு அந்தப் பழைய நோயையும் சேத்துப் பாக்கணும். சிகரெட் யாருக்குமே ஆகாது. என்ன கலந்திருக்குன்னு தெரியாத பஸ்பம், லேகியமும் அப்படித்தான்.

கர்ப்பம் தரிக்கப் போற பொண்ணுங்க முதல் விசிட்லயே சொல்லிடுங்க, கிட்னி குடுத்தவங்களுக்குக் கர்ப்ப காலத்துல பி.பி. ஏறுற வாய்ப்பு ரெண்டு மடங்கு. வாந்தி, வயித்துப்போக்குல தண்ணி வத்திப்போயிருக்கும்போது வலி மாத்திரை பக்கமே போகாதீங்க. நான் இப்போ என் ஃபைல் அட்டை மேலயே சிவப்பு மையில "ஒரு கிட்னி"ன்னு எழுதி வச்சிருக்கேன், பல் டாக்டர்கிட்ட போனாக்கூட அதைத்தான் முதல்ல நீட்டுறேன்.