சி.என். டவர்: ஏறப் போகிறவர்கள் கேட்டவை

டொரொண்டோவுக்கு யார் விருந்தாளி வந்தாலும் நகரத்தைச் சுற்றிப் பார்க்கும் உயரமான கோபுரமான சி.என். டவருக்கு நான்தான் கூட்டிப் போவேன். அதனால் இந்தக் கேள்விகளெல்லாம் என் பக்கம் வந்துவிட்டன.

கேள்வி: எந்த நேரத்துக்குப் போகலாம் அக்கா?

பதில்: சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போது. பகல், அந்தி, இரவு விளக்குகள் மூன்றையும் ஒரே டிக்கெட்டில் பார்த்துவிடலாம். ஜூனில் மறைய இரவு ஒன்பது ஆகும், டிசம்பரில் ஐந்துக்கு முன்பே இருட்டிவிடும். திசையும் மாறும்: ஜூனில் வடமேற்கே நகரத்தின் மேல் இறங்கும், டிசம்பரில் தென்மேற்கே ஏரிப் பக்கம்.

கேள்வி: முன்கூட்டியே டிக்கெட் வாங்கி, மழை வந்துவிட்டால்?

பதில்: மழையைவிட மேகத்துக்குப் பயப்படுங்கள். சுற்றிப் பார்க்கும் முக்கியத் தளம் 346 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேகம் தாழ்ந்தால் சுற்றிலும் வெள்ளைதான். கீழே நின்று அண்ணாந்து பாருங்கள்; அந்தத் தளம் கண்ணில் படவில்லையென்றால் மேலே போயும் பயனில்லை. நாள் மாற்ற முடிகிறவர்கள் அன்று காலை வானத்தைப் பார்த்து வாங்குவதே நல்லது.

கேள்வி: 447 மீட்டர் தளத்துக்குத் தனிக் காசு. தேவையா?

பதில்: வானம் பளிச்சென்று இருந்தால் மட்டும். ஒன்டாரியோ ஏரிக்கு அப்பால், சுமார் 70 கிலோமீட்டரில் நயாகரா. அருவியையே எதிர்பார்க்காதீர்கள், அதன் தூவானம் புகைபோல எழுவது தெரிந்தாலே அதிர்ஷ்டம். எனக்கென்னவோ 346 மீட்டர் தளமே பிடிக்கும். தீவு விமான நிலையத்தில் விமானம் இறங்குவதை மேலிருந்து பார்க்கலாம். பக்கத்து ஸ்டேடியத்தின் கூரை திறந்திருந்தால் மைதானமும் தெரியும்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. படி ஏறணுமா?

பதில்: வேண்டாம். லிஃப்ட் 58 வினாடியில் கொண்டுபோய் விடும். காது அடைத்தால் எச்சில் விழுங்கச் சொல்லுங்கள். 1,776 படிகள் இருப்பது உண்மை. நிதி திரட்டும் நிகழ்ச்சிகளுக்குத்தான் அதைத் திறப்பார்கள்.

கேள்வி: கண்ணாடித் தரையை நினைத்தாலே கால் நடுங்குகிறது.

பதில்: சின்னப் பிள்ளைகள் அதில் படுத்துக்கொள்வார்கள், பெரியவர்கள்தான் ஓரத்தில் நிற்பார்கள்! முதலில் நேரே பார்த்தபடி கால் வையுங்கள். அப்புறம் குனியலாம். முடியாவிட்டால் விடுங்கள், கட்டாயமா என்ன?

கேள்வி: இரவு போட்டோவில் என் முகம்தான் விழுகிறது.

பதில்: ஃபிளாஷை அணைத்துவிட்டு லென்ஸை ஜன்னல் கண்ணாடியோடு ஒட்டிப் பிடியுங்கள். கறுப்புச் சட்டை போட்டால் இன்னும் நல்லது.

கேள்வி: உலகிலேயே உயரம் இதுதான் என்கிறார் மாமா.

பதில்: 1976-இல் திறந்தபோது, இழுகம்பி இல்லாமல் தானே நிற்கும் கட்டுமானங்களில் இதுதான் உயரம். 553 மீட்டர் அல்லவா! 2007-இல் புர்ஜ் கலீஃபா தாண்டிவிட்டது.

கேள்வி: சுழலும் உணவகம் எப்படி?

பதில்: ஒரு சுற்றுக்கு 72 நிமிடம், தலை சுற்றாது. ஆனால் கைப்பையை ஜன்னல் விளிம்பில் வைக்காதீர்கள். தரைதான் சுற்றும், விளிம்பு அப்படியே நிற்கும். சூப் முடிவதற்குள் பை வேறு யாரோ மேசைக்குப் பக்கத்தில் இருக்கும்.