மகள் சோசலிசம் பேசினால் மார்க் போய்விடுமா?

மார்த்தாண்டத்திலிருந்து எழுதியிருக்கும் அப்பாவுக்கு,

சிவில் சர்வீஸ் மெயின் தேர்வுக்கு மகள் அரசியல் அறிவியலை விருப்பப் பாடமாக எடுத்திருக்கிறாள், வீட்டில் எந்நேரமும் சோசலிசச் சண்டை என்கிறீர்கள். சண்டை போடட்டும். 500 மதிப்பெண் பாடத்தில் அது பாடத்திட்டத்திலேயே இருக்கும் தலைப்பு. ஒரு பக்கம் சாய்வதால் அல்ல, எந்த சோசலிசம் என்று சொல்லாமலே எழுத ஆரம்பிப்பதால்தான் பிள்ளைகள் கோட்டை விடுகிறார்கள்.

தமிழில் எழுதுகிறாள் என்றால் முதல் கண்ணி சொல்லில். 1976-இல் 42-வது திருத்தம் அரசமைப்பின் முகப்புரையில் சேர்த்தது சமதர்மம். பொதுவுடைமை என்பது கம்யூனிசம். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டால் பதில் அங்கேயே சரிந்துவிடும். சோசலிச நாடு என்று ஸ்வீடனை உதாரணம் காட்டுவது அடுத்த சறுக்கல். அங்கே கம்பெனிகள் பெரும்பாலும் தனியாரிடம்தான். வரியும் நலத்திட்டமும்தான் கூடுதல்.

சோசலிசத்தின் குறையை எழுதும்போது ‘சோவியத் 1991-இல் உடைந்தது’ என்று நிறுத்தினால் அது செய்தி, காரணம் அல்ல. எது பற்றாக்குறை என்று விலை சொல்லும். விலையை அதிகாரி நிர்ணயித்தால் அந்தத் தகவலே செத்துப்போகிறது என்பது பொருளாதார அறிஞர் ஹயக்கின் வாதம். அரசு உற்பத்தி இலக்கை டன் கணக்கில் கொடுத்தால் பொருளைக் கனமாகச் செய்வதுதான் ஆலைக்கு லாபம். இந்த அளவுக்கு இறங்கி எழுத வேண்டும்.

நிறைக்கு வெகுதூரம் போக வேண்டாம். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறை சட்டப்படி ஒழிந்தது; குத்தகைக்கு உழுதவனுக்கு நிலத்தில் உரிமை வந்தது. நம் மாவட்டத்திலேயே அரசு ரப்பர் கழகம் இருக்கிறது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க வந்தது. ரப்பர் ஷீட் விலை விழுந்தால் சிறு தோட்டக்காரர் பால்வெட்டை நிறுத்திவிடுவார், வெட்டுக்காரருக்கு அன்று கூலி இல்லை. அரசு நிறுவனம் அப்படி ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. ஒருவர் இதைப் பாதுகாப்பு என்பார். இன்னொருவர், நட்டத்தைக் கஜானா தாங்கும் என்று தெரிந்தபின் நிர்வாகம் ஏன் திருந்தும் என்பார்; இதற்கு ஹங்கேரியப் பொருளாதார அறிஞர் கோர்னாய் வைத்த பெயர் ‘மென்மையான வரவுசெலவுக் கட்டுப்பாடு’. ஒரே தோட்டத்தில் இரண்டு வாதமும் கிடைக்கிறது. மேற்கோள் மனப்பாடத்தைவிட இது எடுபடும்.

அம்பேத்கரையும் விடக் கூடாது. 1948-இல் அரசமைப்பு நிர்ணய சபையில் உறுப்பினர் கே.டி. ஷா ‘சோசலிஸ்ட்’ என்ற சொல்லை அரசமைப்பில் சேர்க்கக் கேட்டபோது அவர் மறுத்தார். பொருளாதார அமைப்பை அந்தந்தக் காலத்து மக்கள் முடிவு செய்யட்டும் என்றார். கூடவே, அரசு பின்பற்ற வேண்டியவை என்று அரசமைப்பு சொல்லும் வழிகாட்டு நெறிகளில் அந்த உள்ளடக்கம் ஏற்கெனவே இருக்கிறது என்றும் சொன்னார். பாதியை மட்டும் எழுதுகிறவர்கள் இரண்டு தரப்பிலும் உண்டு.

3 மணி நேரத்தில் 250 மதிப்பெண் என்றால் 20 மதிப்பெண் கேள்விக்கு 14 நிமிடம். ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை வைத்து ஒரு பதில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதும், தனக்குப் பிடிக்காத தரப்புக்கு எத்தனை வரி கொடுத்திருக்கிறாள் என்று எண்ணிப் பாருங்கள். நாலு வரிக்குக் கீழே இருந்தால் அந்தத் தாளோடு அவளை என்னிடம் அனுப்பி வையுங்கள்.