வரி குறையும்போது உரிமை என்ன ஆகிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வரிக்குறைப்பைப் பற்றி வந்திருக்கும் கேள்விகளில் பாதி, அரசின் வருவாய் கூடுமா குறையுமா என்று கேட்பவை. மீதி, வரி வாங்க அரசுக்கு ஏது உரிமை என்று கேட்பவை. இரண்டும் வேறு வேறு வழக்குகள். விவாத மேடைகளில் முதல் வழக்கில் தோற்கும் நிலை வந்ததும் சட்டென்று இரண்டாவதற்குத் தாவிவிடுகிறார்கள். ஆகவே இயன்றவரை பிரித்தே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: வரி விகிதத்தைக் குறைத்தால் வருவாய் கூடும் என்று ஒரு சாரார் அடித்துச் சொல்கிறார்கள். அது நடக்கக் கூடியதா?

பதில்: நடக்கக் கூடியதுதான். ஆனால் விகிதம் எந்த உயரத்திலிருந்து இறங்குகிறது என்பதில் எல்லாம் இருக்கிறது. வரி 0 விழுக்காடு என்றால் வருவாய் இல்லை. 100 விழுக்காடு என்றால் சம்பாதிக்கவோ, சம்பாதித்ததைக் கணக்கில் காட்டவோ எவரும் முன்வர மாட்டார்கள் என்பதால் அப்போதும் வருவாய் இல்லை. இடையில் எங்கோ ஓர் உச்சி இருந்தாக வேண்டும். 1974இல் ஆர்தர் லாஃபர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் வாஷிங்டன் உணவகம் ஒன்றில் கைத்துடைக்கும் துணியில் வரைந்து காட்டியதாகச் சொல்லப்படும் வளைவு இதுதான். இக்கருத்து தம்முடையதன்று, 14ஆம் நூற்றாண்டிலேயே அரபு வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் சொல்லிவிட்டார் என்று லாஃபரே எழுதியிருக்கிறார். வளைவைப் பற்றிச் சண்டை இல்லை. அதன் எந்தப் பக்கத்தில் நாம் நிற்கிறோம் என்பதில்தான் சண்டை.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். விகிதம் 90இலிருந்து 80க்கு இறங்குகிறது என்று கொள்வோம். ஒருவர் 100 சம்பாதித்தால் கையில் நிற்பது 10ஆக இருந்தது, இப்போது 20, அதாவது இருமடங்கு. அரசு பழைய வருவாயையே பெற, கணக்கில் வரும் வருமானம் 12.5 விழுக்காடு உயர்ந்தால் போதும். கைக்கு வருவது இரட்டிக்கும்போது வருமானம் அந்த அளவு உயர்வது அரிதன்று. இனி 10இலிருந்து 5க்கு இறங்குவதைப் பாருங்கள். கையில் நிற்பது 90இலிருந்து 95 ஆகிறது. கூடுதல் 6 விழுக்காடுகூட இல்லை. ஆனால் அரசு இழப்பைச் சரிக்கட்ட மொத்த வருமானமும் இரட்டிக்க வேண்டும். 6 விழுக்காடு ஊக்கத்துக்கு 100 விழுக்காடு உழைப்பை எவரும் கூட்டுவதில்லை.

அமெரிக்காவில் 1964இல் வரியைக் குறைத்தபோது தனிநபர் வருமான வரியின் உச்ச விகிதம் 91ஆக இருந்தது. கேன்சஸ் மாநிலம் 2012இல் தன் மாநில வருமான வரியின் உச்ச விகிதத்தை 6.45இலிருந்து 4.9க்கு இறக்கியது. முதலாவதை மேற்கோள் காட்டி இரண்டாவதை நியாயப்படுத்தியவர்கள் மேலே போட்ட கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. போதாக்குறைக்கு, உரிமையாளரின் சொந்தக் கணக்கில் சேரும் தொழில் இலாபத்துக்கு கேன்சஸ் முழு விலக்கும் அளித்தது. அதனால் சம்பளமாக வந்த வருமானத்தைத் தொழில் வருமானமாகக் காட்டிக்கொள்ளும் வழி திறந்தது. வருவாய் சரிந்தது, 2017இல் ஆளுநரின் தடுப்பாணையையும் (வீட்டோ) மீறி, அவருடைய கட்சியே பெரும்பான்மை வகித்த சட்டமன்றம் அந்தக் குறைப்பின் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றது.

கேள்வி: அமெரிக்காவில் 2017இல் நிறுவன வரியை 35இலிருந்து 21 விழுக்காடாகக் குறைத்த பின், அந்த வரியின் வருவாய் பழைய அளவைத் தாண்டிவிட்டதே. அது போதிய சான்றாகாதா?

பதில்: தாண்டியது உண்மை, சான்றாகாது. அந்த வரி 2017 நிதியாண்டில் ஏறத்தாழ 29,700 கோடி டாலரை ஈட்டியது, 2018இல் 20,500 கோடிக்கு விழுந்தது, 2022இல் 42,500 கோடியைத் தொட்டது. இடைப்பட்ட காலத்தில் பணவீக்கம் கடுமையாக ஏறியது. பெருந்தொற்றுக்குப் பின் நிறுவனங்களின் இலாபமும் வழக்கத்துக்கு மாறாகப் பெருகியது. ஒப்பிட வேண்டியது நேற்றைய வருவாயோடு அன்று. பழைய விகிதமே நீடித்திருந்தால் அதே ஆண்டில் என்ன வந்திருக்கும் என்பதோடு. மறுபக்கத்தாரும் இதே தவற்றைச் செய்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்: 2018இன் சரிவை மட்டும் காட்டி, குறைப்பினால் முதலீட்டில் எந்த மாற்றமும் வராது என்று முடிவுகட்டுவதும் கணக்கன்று.

கேள்வி: பேச்சுரிமை, சொத்துரிமை போன்றவை அரசு தலையிடாமல் இருந்தாலே கிடைத்துவிடும். கல்வி, மருத்துவம் ஆகியவற்றை உரிமை என்று சேர்த்துக்கொண்டதால்தானே வரி இவ்வளவு ஏறியது?

பதில்: இந்தக் கேள்வி பல வடிவங்களில் வந்திருக்கிறது. வரலாற்றுப்படி இதில் ஓரளவு உண்மை உண்டு: 20ஆம் நூற்றாண்டில் அரசுகளின் செலவு பெருகியதற்குப் போர்களுக்கு அடுத்தபடியாக ஓய்வூதியம், மருத்துவம், கல்வி ஆகியவையே முதன்மைக் காரணங்கள். ஆனால் 'தலையிடாமல் இருந்தாலே போதும்' என்பதை நான் ஏற்கவில்லை. சொத்துரிமையையே எடுத்துக்கொள்வோம். நிலம் எனக்கு உரியது என்றால், அதைப் பதிந்துவைக்க ஓர் அலுவலகம், எல்லையை அளக்க ஓர் அளவர், ஆக்கிரமிப்பவரை அகற்றக் காவலர், வழக்கைக் கேட்க நீதிபதி, தீர்ப்பை நிறைவேற்ற அமீனா என்று ஒரு வரிசையே சம்பளம் வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். இவர்களில் ஒருவர் இடம் காலியாக இருந்தாலும் பத்திரம் வெறும் காகிதம்.

வழக்கறிஞர் உதவி பெறும் உரிமை இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. ஃபுளோரிடா சிறையில் இருந்த கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் என்பவர், தமக்கு வழக்கறிஞர் அமர்த்தித் தர நீதிமன்றம் மறுத்துவிட்டது என்று பென்சிலால் எழுதி அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு மனு அனுப்பினார். கடுங்குற்ற வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு மாநிலமே வழக்கறிஞரைத் தர வேண்டும் என்று 1963இல் தீர்ப்பு வந்தது. மறுவிசாரணையில், வழக்கறிஞர் துணையோடு, அவர் விடுதலையானார். அரசின் கைக்கு எதிராகக் குடிமகனைக் காக்கும் மிகப் பழைய வகை உரிமை இது. ஆனாலும் யாராவது மாதாமாதம் சம்பளம் கொடுத்தால்தான் இது உயிரோடு இருக்கும். ஒரே அரசு வழக்கறிஞரின் மேசையில் நூற்றுக்கணக்கான கட்டுகள் குவியும் இடத்தில் அந்தத் தீர்ப்பை எவரும் ரத்து செய்துவிடவில்லை. கைதி தம் வழக்கறிஞரை விசாரணைக்குச் சில நிமிடங்களுக்கு முன்புதான் முதன்முதலாகப் பார்க்கிறார், அவ்வளவுதான்.

நிதிநிலை அறிக்கைகளைப் பல ஆண்டுகள் படித்த பின் எனக்கு உறுதிப்பட்டது இது: வரிக்குறைப்பு எந்த உரிமையையும் சட்டப் புத்தகத்திலிருந்து நீக்குவதில்லை, அந்த உரிமைக்கு முன்னால் நிற்கும் வரிசையை நீட்டுகிறது. நீக்கியிருந்தால் எதிர்ப்பு கிளம்பியிருக்கும். வரிசை நீள்வதைச் செய்தியாக எவரும் எழுதுவதில்லை. இதனால் எல்லா வரிக்குறைப்பும் கெட்டது என்று ஆகாது. வீண் செலவை வெட்டியோ, சிலருக்கு மட்டும் தந்த விலக்குகளை நீக்கியோ ஈடுகட்டப்பட்ட குறைப்பால் வரிசை நீளாது. அந்த ஈடு எது என்று பெயர் சொல்லாமல் அறிவிக்கப்படும் குறைப்பைத்தான் நான் சந்தேகிக்கிறேன்.

கேள்வி: 'எங்களிடம் பணம் இல்லை' என்று அரசு நீதிமன்றத்தில் சொன்னால், உரிமை அத்துடன் முடிந்ததா?

பதில்: இந்திய உச்ச நீதிமன்றம் இதற்கு 1980இல் கொடுத்த பதில் நினைவில் வைக்கத்தக்கது. மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் நகரில், திறந்த சாக்கடையின் நாற்றத்தையும் பொதுக் கழிப்பிடம் இல்லாத அவலத்தையும் எதிர்த்துக் குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தனர். நகராட்சி, நிதி இல்லை என்றது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், நிதிப் பற்றாக்குறை கடமையிலிருந்து விடுவிக்காது என்று கூறி, வேலைகளைக் காலக்கெடுவுக்குள் முடிக்கச் சொன்னார். அதற்கு முந்தைய ஆண்டு பீகார் விசாரணைக் கைதிகளின் வழக்கிலும், விரைவான விசாரணைக்கான உரிமையை நிதியைக் காரணம் காட்டி மறுக்க முடியாது என்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது.

அனைத்துலகச் சட்டம் சற்று நெகிழ்வானது. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான 1966ஆம் ஆண்டு உடன்படிக்கை, ஒவ்வோர் அரசும் தன்னிடம் உள்ள வளங்களின் உச்ச அளவு வரை, படிப்படியாக இவ்வுரிமைகளை நிறைவேற்ற வேண்டும் என்கிறது. 'உள்ள வளம்' என்பது கருவூலத்தில் இன்று கிடக்கும் பணமா, நியாயமான வரியால் திரட்டக் கூடிய பணமா? இரண்டாவது பொருளே சரி என்பேன். இல்லாவிட்டால், கரையைத் தானே வெட்டிவிட்டு ஏரியில் தண்ணீர் இல்லை என்று கைவிரிக்க எந்த அரசுக்கும் வழி கிடைத்துவிடும். அதற்காக வரி விகிதத்தை நீதிமன்றம் தீர்மானிக்கக் கூடாது. அது மக்கள் தேர்ந்தெடுத்த அவையின் வேலை.

கேள்வி: வரி கட்டாதவருக்கு, வரியை எப்படிச் செலவிடுவது என்று சொல்ல வாக்குரிமை எதற்கு?

பதில்: வருமான வரி கட்டாதவரை வரியே கட்டாதவர் என்று எண்ணுவது பிழை, கடையில் பொருள் வாங்கும் ஒவ்வொருவரும் மறைமுக வரி கட்டுகிறார்கள். வாக்களிக்கத் தலைவரி கட்டிய சீட்டைக் கேட்ட ஏற்பாட்டை அமெரிக்கா 1964இல் 24ஆம் திருத்தத்தால் மைய அரசுத் தேர்தல்களில் ஒழித்தது. 1966இல் உச்ச நீதிமன்றம் மாநிலத் தேர்தல்களிலும் ஒழித்தது. அந்த வரி யாரை வெளியே நிறுத்த உதவியது என்பதை அந்நாட்டுக் கறுப்பினத்தவரின் வரலாறு அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: அப்படியானால் வரி கட்டுபவருக்கு உரிமையே இல்லையா?

பதில்: உண்டு, பெரும்பாலும் அளவைப் பற்றியதாக அன்றி, முறையைப் பற்றியதாக. அவையின் இசைவின்றி வரி இல்லை என்பதை இங்கிலாந்தின் 1689ஆம் ஆண்டு உரிமைச் சட்டம் உறுதிசெய்தது. சட்டத்தின் அதிகாரமின்றி வரி விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்கிறது இந்திய அரசமைப்பின் 265ஆம் பிரிவு. யானை வயலில் புகுந்தால் அது தின்பதைவிட அதன் காலால் அழிவது அதிகம் என்ற நம் பழைய உவமையை வரிக்குறைப்புக்குச் சாதகமாகவே எல்லோரும் எடுத்தாளுகிறார்கள். நான் படித்தவரை அது சொல்வது கவளத்தின் அளவை அன்று, நெறியை. அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறு நிலமும் பல நாளுக்குப் போதும். நெறி தவறியதற்கு முன்தேதியிட்ட வரி ஓர் எடுத்துக்காட்டு: உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்று பாதகமாக வந்த பின், 2012இல் இந்திய நாடாளுமன்றம் வருமான வரிச் சட்டத்தை 1962 முதல் பொருந்துமாறு திருத்தியது, நீண்ட சர்ச்சைக்குப் பின் 2021இல் அந்தக் கோரிக்கைகள் கைவிடப்பட்டன.

கேள்வி: எனக்கு ஒவ்வாத செலவுக்குப் போகும் பங்கை நான் நிறுத்திக்கொள்ளலாமா? அல்லது வரியின் வரம்பை மக்களே நேரடியாக வாக்களித்து வகுக்கலாமா?

பதில்: முதலாவது ஏறக்குறைய எங்கும் அனுமதிக்கப்படுவதில்லை. சமூகப் பாதுகாப்பு வரி தம் சமயத்துக்கு ஒவ்வாது என்று வாதிட்ட ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த முதலாளி ஒருவரின் வழக்கை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982இல் தள்ளியது. பிரான்சின் 1789ஆம் ஆண்டுப் பிரகடனம் வேறொன்றைத் தருகிறது: வரியின் தேவையைச் சரிபார்க்கவும், அது எப்படிச் செலவாகிறது என்று தொடர்ந்து கவனிக்கவும் குடிமக்களுக்கு உரிமை உண்டு என்கிறது அதன் 14ஆம் விதி. நிறுத்தும் உரிமையைவிட இது பயனுள்ளது என்பது என் எண்ணம்.

இரண்டாவதைக் கலிஃபோர்னியா 1978இல் செய்து பார்த்தது. சொத்து வரி மதிப்பில் 1 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது, சொத்து கைமாறும்வரை அந்த மதிப்பு ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் ஏறவும் கூடாது என்று வாக்காளர்கள் முடிவு செய்தார்கள். விலைவாசி ஏற, வீடு கைமாறிப் போய்விடுமோ என்று அஞ்சிய முதியவர்களுக்கு அது பெரும் நிம்மதி. ஆனால் புதிதாக வீடு வாங்கியவருக்கு அன்றைய சந்தை மதிப்பில் வரி. லாஸ் ஏஞ்சலஸில் அப்படி வாங்கிய ஒருவர், பல ஆண்டுகளாக அங்கே குடியிருக்கும் அண்டை வீட்டார் அதேபோன்ற வீட்டுக்குக் கட்டியதைப் போல் ஏறத்தாழ 5 மடங்கு கட்ட நேர்ந்தது. சட்டத்தின் முன் சமத்துவம் எங்கே என்று கேட்டு வழக்குத் தொடுத்தார். 1992இல் உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாடு செல்லும் என்றது. இன்றும் வீடுகளுக்கு அதே கணக்குதான்.