வண்டி, கண்ணாடி, கைபேசி, தூக்கம்: நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களின் கேள்விகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். கேட்டவர்கள் பெரும்பாலும் வார நாளில் ஓசூரிலோ பெங்களூரிலோ வேலை பார்த்துவிட்டு, வார இறுதியில் ஊருக்கு வண்டி ஓட்டி வருகிறவர்கள்.

தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சமாகும் என்கிறார் நண்பர். வாராவாரம் சேலம் போகிறேன். செய்யலாமா?
– நல்லம்பள்ளி வாசகர்

வேண்டாம். டீசலும் மிச்சமாகாது. இப்போது வரும் வண்டிகளில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்ஜினுக்குள் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர் மூடிக்கொள்ளும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றவைக்கிறது. எரிபொருள் போவதே இல்லை. நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருப்பதற்காக எரிபொருள் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும். கார்புரேட்டர் காலத்துக் கணக்கு இன்னும் பலர் வாயில் உலவுகிறது.

டீசலை விடப் பெரிய விஷயம் பிரேக். தர்மபுரி மேட்டில் இருக்கிறது, சேலம் தாழ்வில். அதனால் சேலம் போகிற பக்கம்தான் இறக்கம், அதுவும் வளைவுகளோடு. நியூட்ரலில் இறங்கினால் வண்டியின் மொத்த எடையையும் பிரேக் ஒன்றே தாங்க வேண்டும். விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் டிஸ்க்கும் பேடும் கொதித்துப் பிடிப்பை இழக்கும். சூடு பிரேக் ஆயிலுக்கும் ஏறும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. புதிய டாட் 4 வகை பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அது 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி உண்டாகும், மிதித்த மிதி குமிழியை நசுக்குவதில் போய்விடும், பெடல் தரை வரை இறங்கும். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். சர்வீஸ் பில்லில் ‘டாப் அப்’ என்று எழுதியிருந்தால் மாற்றவில்லை என்று அர்த்தம், கேட்டு மாற்றுங்கள்.

இறங்கும் முறை இது. இறக்கம் தொடங்கும் கட்டமேடு வருவதற்கு முன்பே வேகத்தை 40, 50க்குக் கொண்டுவந்து மூன்றாவது கியருக்கு மாறிவிடுங்கள். இறக்கத்தில் வேகம் பிடித்த பிறகு கியரைக் குறைப்பது சிரமம். இன்ஜின் சுற்றைக் காட்டும் டேக்கோமீட்டர் 2,500, 3,000 காட்டினால் பயப்பட வேண்டாம், இன்ஜின் தாங்கும். வேகம் மேலும் கூடினால் பிரேக்கை மூன்று நான்கு விநாடி அழுத்தமாக மிதித்துப் பத்து கிலோமீட்டர் குறைத்துவிட்டுக் காலை முழுதாக எடுத்துவிடுங்கள். லேசாக வைத்துத் தேய்த்துக்கொண்டே வருவதுதான் சூட்டை ஏற்றும். கியர் தானாக மாறும் வண்டி என்றால் டி-யில் விடாமல் மேனுவல் மோடிலோ எல் நிலையிலோ வையுங்கள். மின்சாரக் காரில் இன்னொரு விவரம்: பேட்டரி நூறு சதவீதம் நிறைந்திருந்தால் இறக்கத்தில் வரும் மின்சாரத்தை அதனால் வாங்கிக்கொள்ள முடியாது, மோட்டாரே வேகத்தைக் குறைத்து மின்சாரம் எடுக்கும் ரீஜென் பிரேக் மங்கிவிடும். ஓசூரில் முழுக்க ஏற்றிக்கொண்டு சூளகிரி பக்கம் இறங்குகிறவர்கள் 80, 85 சதவீதத்தில் நிறுத்திக்கொள்வது நல்லது.

பாரம் ஏற்றிய லாரிக்கு முன்னால் வெட்டி நுழைந்து பிரேக் மிதிப்பது தொப்பூரில் செய்யவே கூடாத காரியம். உங்கள் கார் நிற்கிற தூரத்தில் அது நிற்காது. அதன் பிரேக் ஏற்கெனவே சூடேறி இருக்கிறதா என்பதும் வெளியிலிருந்து தெரியாது. பின்னால் கண்டெய்னர் நெருங்கி வந்தால் வழிவிட்டு ஒதுங்கிவிடுங்கள்.

உங்கள் பிரேக்கே பிடிக்காமல் போனால், பெடலைத் திரும்பத் திரும்ப வேகமாக மிதியுங்கள். சில சமயம் அழுத்தம் திரும்பும். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். நெம்புகோல் ஹேண்ட்பிரேக் என்றால் பட்டனை அழுத்தியபடியே சிறிது சிறிதாக இழுங்கள். ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். ஹசார்டு விளக்கும் ஹாரனும் போடுங்கள். சாவியைத் திருப்பி அணைக்காதீர்கள்: பவர் ஸ்டீயரிங்கும், மிதிக்கு வலுச் சேர்க்கும் பிரேக் சர்வோவும் போய்விடும். நின்ற பிறகு சூடான டிஸ்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது, கோணிவிடும்.

சித்திரை வெயிலில் டேஷ்போர்டில் வைத்த கைபேசி கொதித்து, சார்ஜ் ஏறுவது நின்றுவிடுகிறது. பழுதா?
– காரிமங்கலம் வாசகர்

பழுதில்லை. பேட்டரியைக் காப்பாற்ற கைபேசியே சார்ஜை நிறுத்துகிறது. கண்ணாடிக்குக் கீழே வெயில், உள்ளே ஜிபிஎஸ், மேலே சார்ஜிங் என மூன்று சூடும் ஒன்றுசேர்கின்றன. ஏசி வென்ட்டில் மாட்டும் ஹோல்டருக்கு மாற்றுங்கள், தடித்த உறையைக் கழற்றுங்கள், வரைபடத்தை முன்கூட்டியே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். அஞ்செட்டிக் காட்டுப் பகுதியிலும் வத்தல்மலைச் சாலையிலும் சிக்னல் விட்டுவிட்டு வரும். அங்கே கைபேசி டவரைத் தேடித் தேடியே சூடாகும்.

வெள்ளிக்கிழமை இரவு 11 மணிக்கு ஓசூரில் கிளம்பி அரூர் போகிறேன். கிருஷ்ணகிரி தாண்டியதும் கண் சொருகுகிறது. ஜன்னலைத் திறந்து, பாட்டைச் சத்தமாக வைத்து ஓட்டுகிறேன். வேறு என்ன செய்யலாம்?
– அரூர் வாசகர்

நிறுத்தித் தூங்குங்கள். காற்றும் பாட்டும் சில நிமிடம் ஏமாற்றும், அவ்வளவுதான். தூக்கம் முற்றும்போது கண் திறந்தபடியே மூளை சில விநாடி அணைந்துவிடும். ஓட்டுகிறவருக்கு அது நடந்ததே தெரியாது. 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்கு 22 மீட்டர் போகிறது. நான்கு விநாடி என்றால் கிட்டத்தட்ட 90 மீட்டர், ஆளில்லாத வண்டி.

அடிக்கடி கொட்டாவி, கடந்த இரண்டு கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்ற நினைவில்லாமை, ஓரக்கோட்டில் சக்கரம் ஏறுவது: இதில் ஒன்று வந்தாலும் அடுத்த பெட்ரோல் பங்கில் ஒதுங்குங்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தாதீர்கள். பின்னால் வருகிறவரும் தூக்கத்தில் இருக்கலாம். வெளிச்சமுள்ள இடம், கதவு பூட்டு, சீட்டைச் சாய்த்து, கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி, இன்ஜினை அணைத்துவிட வேண்டும். ஏசி போட்டபடி மூடிய இடத்தில் தூங்கினால் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும் ஆபத்து உண்டு.

முதலில் ஒரு காபி குடியுங்கள், உடனே 20 நிமிடத்துக்கு அலாரம் வைத்துப் படுங்கள். காபி வேலை செய்ய அரை மணி நேரம் வரை ஆகும், அதற்குள் ஒரு குட்டித் தூக்கம் முடிந்திருக்கும். முக்கால் மணி, ஒரு மணி என்று நீட்டினால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழ வேண்டியிருக்கும், தலை கனக்கும். எழுந்ததும் முகம் கழுவி, பத்து நிமிடம் நடந்துவிட்டுத்தான் சாவியைத் தொட வேண்டும். இதனால் கிடைப்பது ஒன்றிரண்டு மணி நேர விழிப்பு. அரூர் வரைக்கும் அது போதும், முழு இரவுத் தூக்கத்துக்கு அது ஈடாகாது. முடிந்தால் சனிக்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்புங்கள். வீட்டில் இருப்பவர்கள் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் கூடுதலாகக் காத்திருக்கலாம்; அதில் குறை ஒன்றுமில்லை.

ஏழு மணி நேரம் தூங்கியும் பகலில் கண் சொருகினால் வேறு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவது, காலையில் தலைவலி, கட்டுப்படாத ரத்த அழுத்தம், சட்டைக் காலர் 17 அங்குலத்துக்கு மேல்: இவை சேர்ந்திருந்தால் தூக்கத்தில் மூச்சடைப்பு இருக்கலாம். நுரையீரல் அல்லது காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் தூக்கப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். மனைவியை ஒரு இரவு கவனிக்கச் சொன்னாலே பாதி விவரம் கிடைத்துவிடும்.

கைக்கடிகாரம் ‘ஆழ்ந்த தூக்கம் 38 நிமிடம்’ என்று காட்டுகிறது. ஆபத்தா?
– பர்கூர் வாசகர்

அந்த எண்ணை நம்பிக் கவலைப்படாதீர்கள். கடிகாரம் கை அசைவையும் நாடித் துடிப்பையும் வைத்து ஊகிக்கிறது. ஆழ்ந்த தூக்கத்தைச் சரியாகச் சொல்ல மூளை அலைகளை அளக்க வேண்டும். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்பதை ஓரளவு சரியாகச் சொல்லும். அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வயது 48. புத்தகத்தைக் கை நீட்டிப் பிடித்தால்தான் எழுத்து தெரிகிறது. புரோகிரஸிவ் கண்ணாடி போட்டேன். படி இறங்கினால் தரை ஆடுகிறது, கார் ஓட்டினால் பக்கக் கண்ணாடி மங்கல். பணம் வீணா?
– பாலக்கோடு வாசகர்

வீண் என்று இப்போதே முடிவு செய்யாதீர்கள். நாற்பதுக்கு மேல் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகி, கிட்டத்தில் குவிக்கும் சக்தி குறைகிறது. 40 சென்டிமீட்டரில் படிக்க உங்கள் வயதில் பெரும்பாலும் பிளஸ் 1.25 முதல் 1.75 வரை கூடுதல் பவர் தேவைப்படும். புரோகிரஸிவ் லென்ஸில் மேலே தூரம், கீழே கிட்டம், நடுவே ஒரு குறுகிய பாதை. இரு ஓரமும் கொஞ்சம் கோணலாகத்தான் தெரியும், அது லென்ஸின் இயல்பு. ஓரத்தைப் பார்க்கக் கண்ணை மட்டும் திருப்பாமல் தலையைத் திருப்ப வேண்டும். படி இறங்கும்போது முகவாயைத் தாழ்த்தி, லென்ஸின் மேல்பாதி வழியாகப் பாருங்கள். இரண்டு வாரம் விடாமல் அணிந்தால் பெரும்பாலோருக்குப் பழகிவிடும்; காலையில் அதையும் மாலையில் பழையதையும் மாற்றி மாற்றிப் போட்டால் பழகாது. பழகும் வரை வண்டி ஓட்டும்போது மட்டும் தூரப் பார்வைக் கண்ணாடியைப் பயன்படுத்துங்கள்.

இரண்டு வாரத்துக்குப் பிறகும் சரியாகாவிட்டால் குறை அளவெடுத்ததில் இருக்கலாம். பிரேமை முகத்தில் மாட்டி, நேராகப் பார்க்கும்போது கருவிழியின் நடு லென்ஸில் எங்கே விழுகிறது என்று ஒவ்வொரு கண்ணுக்கும் பேனாவால் குறித்திருக்க வேண்டும். உங்களுக்கு யாரும் அப்படிக் குறிக்கவில்லை என்றால் லென்ஸ் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலோ கீழோ போயிருக்கலாம். அதைச் சொல்லி மாற்றிக் கேளுங்கள். உயரம் குறைந்த சின்ன பிரேமில் படிக்கும் பகுதி வெட்டுப்பட்டுப் போகும். லென்ஸ் உயரம் 30 மில்லிமீட்டராவது இருக்கட்டும்.

சர்க்கரை உள்ளவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண் பவரும் கூடவே மாறும். சில வாரம் கட்டுப்பாட்டில் இருந்த பிறகே பவர் பாருங்கள், விழித்திரையையும் வருடம் ஒருமுறை காட்டுங்கள். இரவில் எதிர் வண்டி வெளிச்சம் கூசுகிறது என்று மஞ்சள் கண்ணாடி வாங்க வேண்டாம். இருட்டில் வருகிற கொஞ்ச வெளிச்சத்தையும் அது வடிகட்டிவிடும். முன்கண்ணாடியின் உள்பக்கத்தைத் துடையுங்கள், கூச்சத்தில் ஒரு பங்கு அந்தப் படலத்தால் வருவது. அப்படியும் கூசினால் கண்புரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

படிக்க மின்நூல் கருவி வாங்கலாமா? தமிழ் எழுத்து ஒழுங்காக வருமா?
– ஊத்தங்கரை வாசகர்

இரவில் படிக்கிறவர் என்றால் தாராளமாக வாங்கலாம். இ-இங்க் திரை காகிதத்தைப் போல வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, கண்ணில் பாய்ச்சுவதில்லை. பக்கம் புரட்டும்போதுதான் முக்கியமாக மின்சாரம் செலவாகும், அதனால் ஒரு சார்ஜ் வாரக்கணக்கில் நிற்கும். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ள முடிவது நம் வயதுக்கு முக்கிய வசதி.

ஏமாற்றம் வருவது கோப்பில். 6 அங்குலத் திரையில் ஸ்கேன் செய்த பிடிஎப் நூல் எறும்பு எழுத்தாக இருக்கும், பெரிதாக்கினால் வரி வெளியே ஓடும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்குள்ளேயே மடியும் இபப் (EPUB) வடிவில், யூனிகோடில் உள்ள நூலைத் தேர்ந்தெடுங்கள். பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பு புரியாத குறிகளாகத் தெரிந்தால் கருவி கெட்டுவிடவில்லை, கோப்பை மாற்றியமைக்க வேண்டும். 1998 பொங்கல் அன்று தொடங்கிய இணைய மின்நூல் தொகுப்பான மதுரைத் திட்டத்தில் சங்க நூல் முதல் நாவல் வரை இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் நம் இரு மாவட்டப் புத்தகத் திருவிழாக்களுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். புரட்டிப் பார்த்து வாங்குவதற்கு எந்தக் கருவியும் ஈடில்லை.

இருட்டிய பிறகு தேன்கனிக்கோட்டை – அஞ்செட்டி சாலையில் யானை எதிர்ப்பட்டால்?
– கெலமங்கலம் வாசகர்

தூரத்திலேயே நிறுத்துங்கள், ஹைபீமை அணைத்து லோபீமுக்கு வாருங்கள். ஹாரன் கூடாது, இறங்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. இன்ஜின் ஓடட்டும், பின்னால் போக இடம் இருக்கட்டும். ஒன்று கடந்ததும் நகராதீர்கள், குட்டியோ கூட்டமோ பின்னால் வரும். கேழ்வரகு அறுவடைக் காலத்தில் அந்தச் சாலையில் இரவுப் பயணத்தையே தவிர்த்துவிடுங்கள்.

இன்வெர்ட்டர் பேட்டரிக்கு போர் தண்ணீர் ஊற்றலாமா? இரவு முழுக்க ஒரு அறைக்கு மின்விசிறி ஓட என்ன பேட்டரி?
– காவேரிப்பட்டணம் வாசகர்

போர் தண்ணீர் கூடவே கூடாது. நம் பகுதி நிலத்தடி நீரில் உப்பும் ஃப்ளோரைடும் அதிகம். உப்பு பேட்டரித் தகட்டைக் கெடுக்கும். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீரும் ஆர்ஓ தண்ணீரும் குடிக்கத்தான். அவற்றிலும் கரைந்த தாது இருக்கிறது. கடையில் டிஸ்டில்டு வாட்டர் கேனாகக் கிடைக்கும், அது மட்டும்தான்.

150 ஏஎச் (ஆம்பியர்-மணி), 12 வோல்ட் பேட்டரி என்றால் 1,800 வாட்-மணி. முழுக்க இறக்கினால் ஆயுள் குறையும், மாற்றும்போதும் இழப்பு உண்டு. 1,100 கையில் வரும் என்று வையுங்கள். பழைய மின்விசிறி 75 வாட், மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் கொண்ட பிஎல்டிசி விசிறி சுமார் 30 வாட். ஒரு பிஎல்டிசி விசிறியும் 9 வாட் பல்பும் வைஃபையும் சேர்ந்து 50 வாட். இருபது மணி நேரம் தாங்கும். பெரிய பேட்டரி வாங்குவதற்கு முன் விசிறியை மாற்றுங்கள்.

தண்ணீர் அளவை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் கோடையில் மாதம் ஒருமுறையும் பாருங்கள். முழு சார்ஜ் ஏறிய பிறகு, இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு ஊற்றுங்கள்; சார்ஜுக்கு முன் நிரப்பினால் ஏறும்போது பொங்கி அமிலம் வழியும். மிதவை பச்சைக் குறியைத் தொட்டதும் நிறுத்திவிடுங்கள். தகடு வெளியே தெரியும் அளவுக்கு வற்றியிருந்தால் மட்டும் முதலில் தகடு மூழ்கும் அளவு ஊற்றி, சார்ஜ் ஏறிய பின் மீதியை நிரப்புங்கள். ஆசிட் ஒருபோதும் சேர்க்காதீர்கள். முனையில் வெள்ளைப் பூப்பு இருந்தால் வெந்நீரில் சமையல் சோடா கரைத்துத் துடைத்து, உலர்ந்ததும் வாசலின் தடவுங்கள்.