மஞ்சள் ஜெர்சிக்காகப் பாரிஸ் போகாதீர்கள்

கோவையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பதினாலு வயது மகனுக்கு டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை நேரில் காட்ட வேண்டும் என்று ஆசை. மூன்று வாரப் பந்தயத்தில் இவர்களால் நான்கைந்து நாள்தான் தங்க முடியும். டிராவல் ஏஜென்ட் ஒருவர், "கடைசி நாள் பாரிஸில்தான் சார் யார் ஜெயிப்பது என்று முடிவாகும், கேலரி சீட்டோடு பேக்கேஜ் போட்டுத் தருகிறேன்" என்கிறாராம். காலையில் இவரோடு சேர்ந்து சைக்கிள் ஓட்டும் நண்பர்களோ கடைசி நாள் வெறும் ஊர்வலம் என்கிறார்கள். அவர்களில் ஒருவர் மட்டும், "1989-ஐ மறந்துவிட்டீர்களா?" என்று சண்டைக்கு வருகிறாராம். யார் சொல்வது சரி, எங்கே போய் நிற்பது என்பது கேள்வி.

நண்பர்கள் சொல்வதுதான் சரி. ஏஜென்ட்டுக்கு முன்பணம் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள்.

பந்தயத்தில் மொத்தம் 21 ஸ்டேஜ், அதாவது நாளுக்கு ஒன்றாக 21 கட்டம். ஒவ்வொரு நாளும் ஓட்டிய நேரத்தைக் கூட்டிக்கொண்டே வருவார்கள். மொத்த நேரம் யாருக்குக் குறைவோ அவர் உடம்பில் மஞ்சள் ஜெர்சி; கடைசியில் அதைப் போட்டிருப்பவர்தான் வெற்றியாளர். சமதளத்தில் எல்லோரும் ஒரே கூட்டமாக, ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் காற்றுக்கு ஒளிந்துகொண்டு வருவதால் யாராலும் பெரிதாக நேரம் பிடிக்க முடியாது. மலையில்தான் கால் வலு உள்ளவனும் இல்லாதவனும் பிரிவார்கள். போனஸ் விநாடி, புள்ளிக் கணக்கு எல்லாம் உங்கள் கேள்விக்குத் தேவையில்லை, விட்டுவிடுங்கள்.

பாரிஸ் வருவதற்குள் முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் நடுவே பெரும்பாலும் நிமிடக் கணக்கில் இடைவெளி விழுந்திருக்கும். 2025-இல் ஜெயித்த தடே போகச்சாருக்கும் இரண்டாவதாக வந்த யோனாஸ் விங்கெகோவுக்கும் இடையே 4 நிமிடம் 24 விநாடி. அதை ஷான்ஸ் எலிசே வீதியைச் சுற்றிச் சுற்றி வந்து எப்படிப் பிடிப்பது? அதனால் அன்றைக்கு மஞ்சள் ஜெர்சிக்காரரை யாரும் சீண்டுவதில்லை. ஷாம்பெயின் கோப்பையோடு போட்டோ எடுத்துக்கொண்டு மெதுவாக வருவார்கள். தேர் நிலைக்கு வந்த பிறகு வடத்தைத் தொட்டுக் கும்பிடுகிற மாதிரிதான். நகரத்துக்குள் நுழைந்த பிறகு வேகம் பிடிக்கும், உண்மை. ஆனால் அது அந்த நாள் பரிசுக்கான ஓட்டம்.

2025-இல் பாரிஸுக்குள்ளேயே இருக்கும் மோன்மார்த்தர் குன்றை மூன்று முறை ஏற வைத்து, கடைசி நாளுக்குக் கொஞ்சம் காரம் சேர்த்தார்கள். நல்ல யோசனைதான். மழை வந்தது. உடனே நடுவர்கள், முடிவதற்குச் சுமார் 50 கிலோமீட்டர் இருக்கும்போதே மொத்தக் கணக்குக்கான நேரத்தை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு யார் முந்தினாலும் மஞ்சள் ஜெர்சிக்கு அசைவில்லை. பெல்ஜிய வீரர் வௌட் வான் ஆர்ட் தனியாகப் பிய்த்துக்கொண்டு போய் அந்த நாளை ஜெயித்தது அருமையான காட்சி. ஆனால் ரோட்டோரம் காலையிலிருந்து நனைந்துகொண்டு நிற்பவனிடம், "நீ பார்க்க வந்த போட்டி முடிந்துவிட்டதப்பா" என்று யார் சொல்லப்போகிறார்கள்? இந்த நடத்துபவர்களுக்கு டிவியில் பார்க்கிறவன் மட்டும்தான் ரசிகன்.

சரி, 1989-க்கு வருவோம். இதைச் சொல்லாவிட்டால் அந்த நண்பர் என்னை விடமாட்டார். அந்த ஆண்டு கடைசி நாள் ஊர்வலமாக இல்லை. வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர் டைம் ட்ரயல் வைத்தார்கள். அதாவது ஒவ்வொருவராகத் தனித்தனியே, கடிகாரத்தோடு மட்டும் மோதுவது. முதலில் இருந்த லொரான் ஃபின்யோன் பாரிஸ்காரர், அவருக்கு 50 விநாடி முன்னிலை. அமெரிக்கரான கிரெக் லெமாண்ட் கையை முன்னால் நீட்டிக் குனிந்து ஓட்ட வசதியான ஹேண்டில்பாரையும் காற்றைக் கிழிக்கும் ஹெல்மெட்டையும் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஃபின்யோன் ஹெல்மெட் இல்லாமல், குதிரைவால் கூந்தல் காற்றில் ஆட வந்தார். உட்கார முடியாத அளவுக்கு அவருக்குச் சைக்கிள் சீட்டில் உரசி வந்த புண் வேறு. லெமாண்டின் சராசரி வேகம் மணிக்கு 54 கிலோமீட்டருக்கு மேல். அன்றைக்கு மட்டும் 58 விநாடி வித்தியாசம். மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஓட்டியும் ஃபின்யோன் தோற்றது 8 விநாடியில். ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் எனக்கு அந்த மனிதருக்காகத்தான் வயிறு எரியும். ஆனால் கவனியுங்கள்: 1975-இல் பந்தயம் ஷான்ஸ் எலிசேயில் முடிய ஆரம்பித்ததிலிருந்து, அங்கே கடைசி நாளில் மஞ்சள் ஜெர்சி கை மாறியது அந்த ஒரே முறைதான். அதுவும் டைம் ட்ரயல் என்பதால். உங்கள் ஏஜென்ட் விற்கிற பாரிஸ் நாள் வேறு சரக்கு.

தலைகீழ் மாற்றம் பார்க்க வேண்டுமானால் கடைசிக்கு முந்தைய நாட்களைப் பாருங்கள். 2020-இல் ப்ரிமோஷ் ரோக்லிச் 57 விநாடி முன்னிலையோடு 20-ஆம் ஸ்டேஜுக்கு வந்தார். மலை உச்சியில் முடியும் டைம் ட்ரயல் அது. 21 வயதுப் போகச்சார் அன்று மாலை மஞ்சள் ஜெர்சியைப் பறித்துக்கொண்டு போனார். மறுநாள் பாரிஸில் கைதட்டல் மட்டும்தான் பாக்கி. இத்தாலியில் இதேபோல் மூன்று வாரம் நடக்கும் ஜிரோ பந்தயத்திலும் 2025-இல் இதே கதைதான். 20-ஆம் ஸ்டேஜில், கொல்லே தெல்லே ஃபினெஸ்த்ரே மலையில், மூன்றாம் இடத்தில் இருந்த சைமன் யேட்ஸ் கிளம்பிப் போனார். முதல் இரண்டு இடத்தில் இருந்த டெல் டோரோவும் கராபாஸும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பந்தயம் யேட்ஸ் கைக்குப் போயே போய்விட்டது.

ஆகவே, கடைசி வாரத்தில் உச்சியில் முடியும் மலை ஸ்டேஜ் எது என்று பாருங்கள். முந்தைய ஆண்டு அக்டோபரிலேயே பாதையை அறிவித்துவிடுவார்கள். கடைசி 3 கிலோமீட்டரில் விழுந்தாலோ பஞ்சர் ஆனாலோ அதனால் இழந்த நேரத்தைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள் என்று நண்பர்கள் சொல்லியிருப்பார்களே, அந்தச் சலுகை மலையுச்சி முடிவுக்குக் கிடையாது. அங்கே கடைசி மீட்டர் வரைக்கும் கணக்குண்டு.

இப்போது நான் கத்தியே ஆக வேண்டிய விஷயம். சாலையோரம் நின்று பார்க்க டிக்கெட் கிடையாது. மலையிலும் கிடையாது, பாரிஸ் நடைபாதையிலும் கிடையாது. காசு கொடுத்து உட்காரும் மேடைகள் சில உண்டு. அவற்றைப் பந்தயம் நடத்துபவர்களின் அதிகாரபூர்வத் தளத்தில் விலையோடு பார்க்கலாம். "மலை நுழைவுச்சீட்டு", "வளைவு பாஸ்" என்று யார் நீட்டினாலும் அது வெறும் காகிதம். முதல் முறை போனபோது நானும் அப்படி ஒரு ஏஜென்ட்டிடம் ஏமாந்தவன்தான். பளபளப்பான அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய் நின்றேன். பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டிருந்த பிரெஞ்சுத் தாத்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். அவர் ஒரு காசு கொடுக்கவில்லை. என்னைவிட நல்ல இடம் வேறு.

அடுத்த பொறி விசா. பிரான்ஸ் போக வேண்டிய ஷெங்கன் விசாவுக்குக் கட்டணம் 90 யூரோ, விண்ணப்பம் வாங்கும் மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஜூலைப் பயணம் என்றால் ஜனவரியிலேயே வேலையை ஆரம்பியுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் விண்ணப்பம் கொடுக்கத் தேதி கேட்டால் "இல்லை" என்று வரும். அதே தேதியை ஏஜென்ட் ஐயாயிரம், பத்தாயிரம் என்று விற்பார். காலியாக இல்லாத தேதி அவருக்கு மட்டும் எங்கிருந்து முளைக்கிறது என்று கேட்க நாதியில்லை. வரிசையில் நிற்கிறவனுக்குத்தான் எல்லாச் சட்டமும்.

நிற்கும் இடம் பற்றி. சமதளத்தில் மொத்தக் கூட்டமும் கண்ணிமைப்பதற்குள் கடந்துவிடும், பையன் அழுவான். ஆல்ப் துவேஸ் போன்ற மலையில் முன்னணி வீரர்களே மணிக்கு 20 கிலோமீட்டரை ஒட்டித்தான் ஏறுவார்கள். கடைசிக் கூட்டம் அதற்கு அரை மணி நேரம் கழித்து வரும். அந்த மலையில் 13.8 கிலோமீட்டர், 21 வளைவு. எண்ணிக்கை கீழிருந்து மேலே குறைந்துகொண்டு போகும். ஏழாம் வளைவு டச்சு ரசிகர்களின் கோட்டை. பீர், பாட்டு, புகை. பிள்ளையோடு அங்கே வேண்டாம். அடிவாரத்தை விட்டதும் வரும் முதல் இரண்டு கிலோமீட்டர்தான் மிகச் செங்குத்து, அங்கே நில்லுங்கள். எந்த மலை என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆனால் உச்சிக்கு ஓடாமல் கீழே நிற்பது எங்கும் பொருந்தும், இறங்கி வருவதும் சுலபம்.

சாலையைச் சீக்கிரமே அடைத்துவிடுவார்கள், பெரிய மலை என்றால் முந்தைய நாளேகூட. காரை நம்பாமல் நடந்தோ வாடகைச் சைக்கிளிலோ ஏறுங்கள். வீரர்களுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்னால் விளம்பர வண்டிகள் தொப்பி, மிட்டாய் எறிந்துகொண்டு போகும். பையனுக்கு அதுவே பாதித் திருவிழா. பொறுக்கச் சாலைக்குள் ஓட விடாதீர்கள். அட்டைப் பலகை எழுதிக்கொண்டு போனால் சாலைக்குள் நீட்டாதீர்கள். 2021-இல் முதல் நாளே ஒரு ரசிகை டிவி கேமராவைப் பார்த்து அட்டை பிடித்ததில் பாதிக் கூட்டம் சரிந்தது. அவருக்கு நீதிமன்றம் 1,200 யூரோ அபராதம் போட்டது.

மலை முடிந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ பாரிஸ் வந்தால், மோன்மார்த்தரிலிருந்து நடக்கும் தூரத்தில் லா ஷப்பேல். ஈழத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும், தோசை கிடைக்கும். மலையில் அந்த வசதி இல்லை. சாப்பாடு, தண்ணீர், மழைக்கோட்டு மூன்றையும் காலையிலேயே பையில் கட்டிக்கொள்ளுங்கள். கூட்டத்தில் போன் வேலை செய்யாது. பையனைத் தவறவிட்டால் சேர்ந்துகொள்ள ஓர் இடத்தை ஏறும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.