மாமனார் விட்டுச் சென்ற பழைய மென்காரீயக் குண்டுகளைத் தோட்டாவில் ஏற்றிச் சுடலாமா?

சுடலாம், ஆனால் குண்டு மெதுவான வேகத்தில் போகும்படி நிரப்பிச் சுட வேண்டும். உங்கள் கேள்வியிலிருந்து நான் புரிந்துகொண்டது இது: நீங்கள் அமெரிக்காவில் இருக்கிறீர்கள்; காலமான மாமனாரின் கராஜில் ஒரு .38 ஸ்பெஷல் ரிவால்வரும், தோட்டா நிரப்பும் பிரஸ்ஸும், ‘ஸ்வேஜ்டு’ (அழுத்திச் செய்தது) என்று அச்சிட்ட நான்கு பழைய குண்டுப் பெட்டிகளும் கிடைத்திருக்கின்றன. அவை குழலைப் பாழாக்கிவிடும், உருக்கிப் போட்டுவிடுங்கள் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார். அந்த ‘யாரோ’வின் பேச்சை நானும் ஒரு காலத்தில் நம்பியவன் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தமிழில் துப்பாக்கியைப் பற்றி எழுதினாலே புருவத்தை உயர்த்துபவர்கள் உண்டு என்பதால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஒஹாயோவில் சனிக்கிழமைதோறும் காகித இலக்கைச் சுடுபவன், வேட்டைக்குக்கூடப் போனதில்லை. இங்கே சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்பிக்கொள்ள மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, விற்பதற்குத்தான் வேண்டும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பதே குற்றம். ஆகவே அங்கிருந்து இதைப் படிப்பவர்கள் ஒரு கைத்தொழிலைப் பற்றிய செய்தியாக மட்டும் படித்துக்கொள்ளுங்கள்.

காரீயக் குண்டுகளில் இரண்டு சாதிகள் உண்டு. ஒன்று, காரீயத்தோடு ஆன்டிமனியும் கொஞ்சம் வெள்ளீயமும் (நம் வீட்டு ரசம் கொதிக்கும் ஈயச் சொம்பு இந்த வெள்ளீயம்தான், காரீயமல்ல) சேர்த்து உருக்கி அச்சில் ஊற்றிய கடினமான வார்ப்புக் குண்டு. மற்றொன்று உங்களிடம் இருப்பது: கிட்டத்தட்டத் தூய காரீயக் கம்பியைத் துண்டு துண்டாக வெட்டி, அடுப்பே மூட்டாமல், எஃகு அச்சுக்குள் வைத்து அழுத்தி உருவாக்கியது. மிஞ்சிய காரீயம் அச்சிலுள்ள சிறு துளைகள் வழியே புழுவைப் போல் பிதுங்கி வெளியேறிவிடும். உள்ளே காற்றுக்குமிழிக்கு இடமில்லாததால் எடை குண்டுக்குக் குண்டு ஏறக்குறைய மாறாது. உங்கள் மாமனாரின் பிரஸ்ஸின் மேல் ஆர்.சி.பி.எஸ். என்று பொறித்திருந்தால், அந்த எழுத்துகளே இந்த வேலையிலிருந்து வந்தவைதான். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் குண்டு கிடைக்காமல் போனபோது, கலிபோர்னியாவின் ஓரோவில்லில் ஃப்ரெட் ஹண்டிங்டன் என்பவர், சுட்டுப் போட்ட .22 தோட்டாக் கூடுகளையே மேலுறையாக வைத்துக் குண்டு அழுத்தும் அச்சுகளைச் செய்தார். ‘ராக் சக்’ எனப்படும் மலை அணிலைச் சுடுவதற்கான குண்டு என்பதால் ‘ராக் சக் புல்லட் ஸ்வேஜ்’ என்று பெயர்; அதன் சுருக்கமே ஆர்.சி.பி.எஸ்.

என் கதைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு முதியவர் வீட்டைக் காலி செய்தபோது, 158 கிரெய்ன் (சுமார் 10 கிராம்) எடையுள்ள ஸ்வேஜ்டு குண்டுகள் ஒரு பெட்டியை மிக மலிவாகக் கொடுத்தார். கட்டைவிரல் நகத்தால் கீறினேன், கோடு விழுந்தது. உலோகத்தின் கடினத்தை அளக்கும் பிரினெல் அளவில் தூய காரீயத்தின் கடினம் ஏறக்குறைய 5தான். கடையில் விற்கும் வார்ப்புக் குண்டுகளில் பல அதைப்போல் மூன்று மடங்கு. கீறல் விழுந்ததைக் கண்ணால் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை. எடை ஒன்றுதானே என்று, கடின வார்ப்புக் குண்டுக்காகத் தோட்டா நிரப்பும் கையேட்டில் கொடுத்திருந்த வெடிமருந்தளவை எடுத்து, .38 ஸ்பெஷலைவிட வேகம் கூடிய .357 மேக்னம் கூடுகளில் நிரப்பினேன்.

முதல் பன்னிரண்டு தோட்டாக்கள் நன்றாகவே போயின. அதன் பிறகு இலக்கில் துளைகள் விலகிக்கொண்டே போயின. முப்பதாவதற்குப் பின் காகிதத்தையே சில தவறவிட்டன. சிலிண்டரைத் திறந்து குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், பளபளக்க வேண்டிய சுழல்வரிப் பள்ளங்கள் காரீயம் அப்பிச் சாம்பல் நிறத்தில் தூர்ந்து கிடந்தன. பழைய பித்தளைத் தூரிகையைச் சுற்றிப் பாத்திரம் தேய்க்கும் செப்புக் கம்பிச் சுருளைக் கட்டி, இரண்டு மாலைகள் தேய்த்தேன். ஒவ்வொரு இழுப்புக்கும், பட்டுப்புடவை ஓரத்திலிருந்து பிய்ந்த சரிகையைப் போல் காரீயத் துணுக்குகள் வெள்ளைத் துணியில் உதிர்ந்தன.

முதியவரிடம் போய்ச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. 1935இல் .357 மேக்னம் வெளிவந்தபோது தொழிற்சாலையே இந்தத் தவறைச் செய்தது என்றார். நொடிக்கு 1500 அடிக்கு மேல் போகும் என்று விளம்பரம் செய்துவிட்டு மென்காரீயக் குண்டை வைத்து அனுப்பியதில், வாங்கியவர்கள் எல்லோரும் குழலைச் சுரண்டிக்கொண்டிருந்தார்களாம். பிறகு தன்னிடம் மிச்சமிருந்த 148 கிரெய்ன் ‘வாட்கட்டர்’ குண்டுகளைக் காட்டினார். தட்டையான முகம், பின்புறம் கிண்ணம்போல் குழிந்திருக்கும். மருந்தின் அழுத்தம் அந்தக் கிண்ணத்தின் விளிம்பை விரித்துக் குழலோடு ஒட்டவைக்கிறது; 1849இல் மினியே என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி செய்த குண்டின் தத்துவமும் இதுதான். நொடிக்கு 700 அடிக்குச் சற்று மேலான வேகத்தில் போய், காகிதத்தில் துளைக்கருவியால் வெட்டியதுபோல் வட்டமாக ஓட்டை போடும். இந்தக் குண்டுக்காகவே ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1961இல் ‘மாடல் 52’ என்ற பிஸ்டலைக் கொண்டுவந்தது. ஒஹாயோவின் கேம்ப் பெர்ரியில் நடக்கும் துப்பாக்கி சுடும் போட்டிகளில் ஒரு தலைமுறை நம்பியிருந்த குண்டை நான் ‘மட்டமான சரக்கு’ என்று நினைத்திருந்தேன்.

அவர் சொன்னபடி .38 ஸ்பெஷலில் மெதுவான அளவோடு நிரப்பியபோதும் ஒரு தவறு செய்தேன். கூட்டின் வாயைப் போதுமான அளவு விரிக்காததால், குண்டு இறங்கும்போது அதன் பக்கவாட்டிலிருந்து ஒரு மெல்லிய காரீய வளையம் சீவப்பட்டு வெளியே நின்றது. வாயைச் சற்றே மணிபோல் விரித்த பிறகு சீவுவது ஓய்ந்தது. குண்டு இறங்கிய பின் வாயை மடக்குவதையும் லேசாகத்தான் செய்ய வேண்டும். அதன் பின் இருநூறு தோட்டா சுட்டும் குழலில் ஒரு கோடுகூட ஒட்டவில்லை.

‘கடினமான குண்டுதான் உயர்ந்தது’ என்று விற்பவர்கள் மீது எனக்கு நீண்டநாள் கோபம் உண்டு. கடினமான குண்டு தபாலில் உருண்டு புரண்டு வந்தாலும் நசுங்காது. அது அனுப்புபவருக்கு வசதி. மெதுவான தோட்டாவில் அளவுக்கு மீறிய கடினம் விரிந்து கொடுக்காது. இடுக்கு வழியே வாயு பாய்ந்து, அதுவும் குழலில் காரீயத்தை ஒட்டவைக்கும். இதைச் சொன்னால் வார்ப்புக்காரர்களுக்கு நான் எதிரி என்பார்கள். இல்லை, வேகமான தோட்டாவுக்கு நானும் வார்ப்புக் குண்டைத்தான் வாங்குகிறேன்.

மருந்தளவை இங்கே எழுத மாட்டேன், கேட்காதீர்கள். அதே எடை, அதே வடிவம், ஸ்வேஜ்டு காரீயம் என்று பெயர் சொல்லிக் கொடுத்திருக்கும் கையேட்டைப் பாருங்கள். மெதுவாக என்று சொன்னதற்காகக் கையேட்டின் தொடக்க அளவுக்குக் கீழேயும் போகாதீர்கள். குண்டு குழலிலேயே நின்றுவிட்டால் அடுத்த தோட்டா துப்பாக்கியையே பிளந்துவிடும். குழிந்த பின்புறமுள்ள குண்டை வேகமாகச் சுட்டால் விளிம்பு மட்டும் அறுந்து குழலுக்குள் தங்கும்; ஆபத்து அதேதான். பெட்டிச்சீட்டு கிழிந்திருந்தால் மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள்; .38க்கு 0.358 அங்குலம் இருக்க வேண்டும்.

இன்னொன்று, வெள்ளைப் பொடி. முதியவரின் குண்டுகளில் ஓக் மர இழுப்பறையில் கிடந்தவை மட்டும் மாவு பூசியதுபோல் வெளுத்திருந்தன. அந்த மரம் கசியும் அமில ஆவிக்குக் காரீயம் தாங்காது. அப்படி வெளுத்தவற்றைத் துடைத்துச் சுட ஆசைப்படாதீர்கள். அந்தத் தூள் நச்சு. குழந்தைகளின் இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் காரீயம் இருந்தாலே கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021இல் வரம்பைக் குறைத்தது. உங்கள் வீட்டில் சிறுபிள்ளை இருந்தால் இந்த வேலையைச் சமையல் மேசையில் வைத்துக்கொள்ளாதீர்கள். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

இதெல்லாம் தொல்லை என்று தோன்றினால் கொடுத்துவிடுங்கள், குப்பையில் மட்டும் போடாதீர்கள். கறுப்புவெடிமருந்தை வாய்வழியே நிரப்பிச் சுடும் பழங்காலத் துப்பாக்கிக்காரர்கள் தூய காரீயத்துக்காக அலைகிறார்கள். உங்கள் ஊர்ச் சுடுதளத்தில் ஒரு சீட்டு எழுதி ஒட்டினால், அவர்களே வீட்டுக்கு வந்து எடுத்துப்போவார்கள்.